பெட்டி விழ வேண்டிய ஐந்து நாள்

அந்த வாரம் ஷெட்டில் இருந்தவர்கள்.

நான். தலைக் கலாசி. பாரம் தூக்குகிற ஆட்களில் மூத்தவன்.

சேவியர். மேலே கிரேன் கேபினில். ராயபுரம். ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். வாய் மட்டும் நாள் முழுக்கக் கீழேயே இருக்கும்.

ஏழுமலை. என் ஜோடிக் கலாசி. இன்று உங்களுக்கு மேஸ்திரி. அப்போது தொப்பை கிடையாது.

நித்யா. இன்ஜினியரிங் கடைசி வருஷம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு.

ஃபரூக். அவள் வகுப்பு. வண்ணாரப்பேட்டை. கேமராவும் சுவிட்சும் அவன் பொறுப்பு.

சேஃப்டி சார். வந்து போவார். வரும்போதெல்லாம் நோட்டோடு வருவார்.

பெட்டி. ஐம்பத்திரண்டு கிலோ.

யார்டுப் பிள்ளைகளே, நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டுப் பேசினீர்கள். 'முப்பத்தொரு வருஷத்துல ஒரு பாரத்தக்கூட கீழ வுடாத மனுஷன்' என்றான் ஏழுமலை. நீங்கள் கை தட்டினீர்கள். அவன் சொன்னது பொய். அவனுக்கே தெரியும். அவனும் அங்கே இருந்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆறாவது வரை படித்தவன் எழுத்து. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாரத்தைச் சுற்றி ஸ்லிங் கட்டும் அழகை நான் எத்தனை நாள் பொறுத்தேன்.

நம் திருவொற்றியூர் யார்டில் பழைய ஷெட் உங்களுக்குத் தெரியும். அந்த வாரம் அதில் வேலை இல்லை. சனிக்கிழமைதான் ஒரு பெரிய டிரம் வர வேண்டும். காலேஜில் இருந்து முதலாளிக்குக் கடிதம் வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஷெட்டைக் கொடுத்துவிட்டார். கூடவே எங்களையும்.

திங்கள் காலை நித்யா வந்தாள். பெட்டியைக் காட்டினாள்.

"அண்ணா, இத்த மேல தூக்கணும்."

"தூக்கலாம்."

"அப்புறம் கீழ போடணும்."

ஏழுமலை திருத்தினான்.

"இறக்கணும்னு சொல்லு பாப்பா."

"இல்லண்ணா. போடணும். மேல இருந்து அப்டியே."

ஏழுமலை என்னைப் பார்த்தான். கேபினில் இருந்து சேவியர் கத்தினார்: "இன்னாடா அது, யாரு மேல போடணுமாம்?"

உங்களுக்குத் தெரியும். நம் தொழிலில் மேலே ஏற்ற 'ஆபீஸ்' என்போம். இறக்க 'ஆரியா' என்போம். நிறுத்த விசில். கீழே போடுவதற்கு நம்மிடம் சொல்லே கிடையாது. அதற்குத் தேவை வந்ததில்லை. வந்த இடத்தில் யாரும் பேசும் நிலையில் இருந்ததில்லை.

எதற்கு என்று கேட்டேன். சொன்னாள்.

பெட்டிக்குள் கண்ணாடி மாதிரி ஒரு குழாய், கட்டை விரல் பருமன், படுக்கையாக. அதில் சாயம் கலந்த தண்ணீர் ஓடும். ஊசி வழியாகக் காற்றும் உள்ளே வரும். தரையில் வைத்து ஓட்டினால் காற்றுக் குமிழ் குழாயின் கூரையை ஒட்டிக்கொண்டே போகும். தண்ணீர் கனம், கீழே. காற்று லேசு, மேலே. பெட்டி விழுகிறபோது கனம் போய்விடும். எது மேலே எது கீழே என்று குமிழுக்குத் தெரியாது. அப்போது அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். விழுகிற நேரம் ஒன்றரை நொடி.

"ராக்கெட்ல போறவங்களுக்கு இது தெரியணும்ணா. அங்க தண்ணியும் காத்தும் ஒரே குழாய்ல வந்தா பம்ப்பு காத்த குடிச்சிட்டு நின்னுரும்."

"உனக்கு எப்படித் தோன்றியது?"

"எங்க பிளாக் குழாய்லதான். காலைல மொதல்ல காத்து வரும். கொர்ருனு இருமும். கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் காத்து, மறுபடி தண்ணி. நான் பாத்துகினே நிப்பேன்."

"பாத்துகினு நின்னா கொடத்த எவன் ரொப்புவான்?" என்றான் ஏழுமலை.

"அதுக்குத்தான் எங்கம்மா திட்டும்."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

அவளுக்கு வேண்டியது மூன்று நல்ல விழுகை. மூன்றையும் பெட்டிக்குள் இருக்கும் கேமராவில் படம் எடுத்து வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். வடக்கே ஓர் இடத்தில் உயரமான கோபுரம் இருக்கிறதாம். அங்கே பொருளை இன்னும் அதிக நேரம் விழ வைப்பார்கள். படம் நன்றாக இருந்தால் இவள் குழாய் அங்கே போகும். இல்லையென்றால் காலேஜ் அலமாரிக்குப் போகும்.

"அடுத்த வருஷம் அனுப்பேன்" என்றேன்.

"அடுத்த வருஷம் நான் ஸ்டூடண்ட் இல்லண்ணா."

அவ்வளவுதான் விஷயம். ஒரே வாரம்.

பெட்டி விழுகிற இடத்தில் மெத்தை வேண்டும். ஃபரூக்கின் மாமாவுக்குத் துணி தைக்கும் இடம். வெட்டி மீந்த துண்டுகளை நாற்பது சாக்கில் கொண்டுவந்தான். பனியன் துணி, நைட்டி துணி. பெட்டி ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரு சாக்கு வெடிக்கும். பூப்போட்ட துண்டுகள் பறக்கும். ஏழுமலை தலையில் விழும். சேவியர் மேலே இருந்து "மாப்ளேக்கு நலுங்கு முட்ஞ்சிச்சா?" என்று கேட்பார்.

என் வேலை எளிது. ஷெட்டின் கூரைத் தகடு பல இடத்தில் இல்லை. கடல் காற்று நேராக உள்ளே வரும். மேலே போன பெட்டி சுழலும். அதனால் பெட்டியின் ஒரு பக்கத்தில் கயிறு. கிழக்கு நடைமேடையில், கொக்கி உயரத்துக்கு, இடுப்பில் பெல்ட் மாட்டி நான் நிற்பேன். கயிற்றைப் பிடித்துப் பெட்டியை நிலைப்படுத்துவேன். ஃபரூக் மூன்று எண்ணி சுவிட்ச் போடுவான். கொக்கியில் மாட்டிய காந்தம் பெட்டியை விடும். அதே நேரம் நான் கயிற்றை விட வேண்டும். கயிறும் பெட்டியோடு போய்விடும்.

திங்கள் இரண்டு முறை. செவ்வாய் மூன்று. புதன் மூன்று. வியாழன் மூன்று. பதினொன்றும் வீண்.

பெட்டிக்குள் நூலில் ஒரு சின்ன நட்டு தொங்கவிட்டிருந்தாள். பெட்டி ஒழுங்காக விழுந்தால் நட்டு மிதக்கும். படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினாள். நட்டு கிளம்பும். மிதக்கப் பார்க்கும். உடனே 'டக்' என்று கீழே இழுபடும். பிறகு மறுபடி மிதக்கும். அதற்குள் குமிழ் கூரையில் போய் அப்பிக்கொள்ளும். பதினொரு தடவையும் அதே கதை.

காந்தம் ஒட்டுகிறது என்றார்கள். காந்தத்தை மாற்றினார்கள். பம்ப் அதிர்கிறது என்றார்கள். அடியில் ரப்பர் வைத்தார்கள். நான் ஃபரூக்கிடம் "உன் கேமராவுக்கு மாலைக்கண்" என்றேன். அவன் பாவம், கேமராவையும் மாற்றினான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பழி போடும் வேலையில் நானும் கூலி இல்லாமல் நின்றேன்.

புதன்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். மதியம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்த மாதம் யார்டில் குழாய் வறண்டு லாரித் தண்ணீர்தான். எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. சேவியர்தான் மேலே இருந்து முதலில் பார்ப்பார். "தண்ணி வந்துட்ச்சி!" என்று கத்தினார். ஏழுமலை டீ கிளாஸைப் போட்டான். நான் கையில் இருந்ததைப் போட்டேன். இருவரும் குடத்தோடு ஓடினோம். திரும்பி வரும்போது சேஃப்டி சார் வழியில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். நடக்கிற பாதையில் கயிற்றுச் சுருள் கிடந்ததாம்.

நித்யா வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். "எங்க பிளாக்கே பரவால்லண்ணா."

இனி வெள்ளிக்கிழமை.

காலையில் அவள் ஒரு முடிவோடு வந்தாள். குழாய் இரண்டு துண்டு. நடுவில் பசை போட்ட ஒட்டு. அந்த ஒட்டில் உதடு மாதிரி ஏதோ நிற்கிறது, குமிழ் அங்கே மாட்டுகிறது என்றாள். அறுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும்.

"பசை காய?"

"ஒரு நாள்."

"அப்போ இன்னைக்கு?"

"இன்னிக்கிப் போச்சுண்ணா. வேற எதுவும் தெரியல எனக்கு. நட்ட மட்டும் ஏன் இழுக்குதுன்னும் தெரியல. கொழாயாவது சரியா வச்சிட்டுப் போறேன்."

குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அழுதிருந்தால் ஏழுமலை டீ வாங்கிக் கொடுத்திருப்பான்.

அவள் ஹாக்ஸா பிளேடை எடுத்தாள். நான் கிழிந்த சாக்கை மாற்றப் போனேன். மேற்கு மூலைச் சாக்கு. முந்தின நாளும் மேற்கு மூலைதான். அதற்கு முந்தின நாளும். நான்கு நாளாக நான் மாற்றிய சாக்கு எல்லாம் மேற்கு மூலை.

கலாசிக்குப் படம் தேவையில்லை. பாரம் எந்த மூலையில் விழுந்ததோ, அதற்கு எதிர் மூலையை யாரோ தூக்கிப் பிடித்தார்கள் என்று அர்த்தம். எதிர் மூலை கிழக்கு. கிழக்கில் நிற்பது ஒருவன்தான்.

வலது கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். கையுறையில் குறுக்கே கருகிய கோடு, உள்ளங்கையில் அதன் சிவந்த தடம். கயிறு ஓடிய கோடு.

நான் விடவில்லை. விட்டேன் என்று நினைத்தேன். மனது விட்டது. கை பிடித்தது. பாரம் கீழே போகிறது என்று தெரிந்தால் என் கை என்னைக் கேட்காது. அப்படித்தான் அதை வளர்த்திருக்கிறேன்.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்குக் கெட்ட பேர். நான் உடனே சொல்லவில்லை. சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாருக்கும் தெரியாது. அடுத்த முறை சரியாக விட்டால் போதும், தானாகச் சரியான மாதிரி இருக்கும். ஏழுமலை சிரிக்க மாட்டான். சேவியர் ராயபுரம் முழுக்கச் சொல்ல மாட்டார். ஃபரூக்கிடம் கேமராவைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். இவ்வளவும் யோசித்தேன். நான் வேகமாக யோசிக்கிறவன் இல்லை. அன்று வேகமாக வந்தது.

ஆனால் குழாயை அறுத்துவிட்டால் அடுத்த முறையே கிடையாது.

பிளேடு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டது.

"நிறுத்து" என்றேன்.

நிமிர்ந்தாள்.

"குழாயில் ஒன்றும் இல்லை. என் கையில் இருக்கிறது."

கையுறையைக் காட்டினேன். சாக்கைக் காட்டினேன். ஃபரூக் கையுறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கேமராவைத் தடவிக் கொடுத்தான். அது போதும்.

சேவியர் கேபின் ஜன்னலில் தலையை விட்டார். "இருபது வருஷம் நல்லா இருந்த கை, இப்பதான் கெட்டுச்சா மாமு?"

"கெடவில்லை. அதுதான் பிரச்சினை."

ஏழுமலை நெஞ்சைத் தட்டினான். "தள்ளு நைனா. வயசாய்டுச்சி உனுக்கு. நான் வுட்றேன் பாரு." மேலே ஏறினான். பெல்ட் மாட்டினான். பெட்டி விழுந்தது. இறங்கி வந்தான். நட்டு 'டக்' என்று இழுபட்டதைப் பார்த்தான்.

"நான் வுட்டேன்! அம்மா சத்தியமா வுட்டேன்!"

"கையுறையைக் காட்டு."

காட்டவில்லை. பின்னால் மறைத்துக்கொண்டான்.

கயிற்றுக்குப் பதில் நூல் கட்டலாம் என்றான் ஃபரூக். கட்டினோம். காற்று அறுத்தது. தடிமனாகக் கட்டினோம். பெட்டி பம்பரமாகி நூலைத் தின்றது. நித்யா தானே பிடிக்கிறேன் என்று மேலே வந்தாள். காற்று அடித்ததும் கயிறு அவளை இழுத்தது. பெல்ட் இருந்ததால் இருந்தாள். கீழே அனுப்பினேன்.

மணி மூன்றரை.

அவள் சாக்கு மேல் உட்கார்ந்தாள். தலையில் நைட்டித் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை. அதோடே நிமிர்ந்து கேட்டாள்.

"அண்ணா, புதன்கெழம கயித்துச் சுருள எங்க போட்டீங்க?"

"எப்போது?"

"லாரி வந்தப்போ."

"தெரியாது. கையில் இருந்தது. பிறகு இல்லை."

"அதான்" என்றாள். எழுந்துவிட்டாள். "உங்க கைக்கு பெட்டி வுழுதுன்னு தெரியக் கூடாது. நீங்க அதப் பாக்காதீங்க. திரும்பி நில்லுங்க. நான் கத்துறேன், ஃபரூக் சுவிட்ச் போடுவான்."

"என்ன கத்துவாய்?"

"அதச் சொன்னா கை உஷாராய்டும்."

ஏழுமலை கெக்கெக்கே என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. உங்களை வேலையில் சேர்த்த முதல் நாள் நான் சொன்ன முதல் வார்த்தை என்ன? பாரத்துக்கு முதுகு காட்டாதே. நான் அதுவரை ஒரு முறைகூடக் காட்டியதில்லை. கல்யாணப் பந்தலில் தொங்கும் பெரிய விளக்குக்குக்கூட நேராக நிற்பவன் நான்.

ஒரு சட்டத்தை மீறுவதானால் எப்படி மீறுவது என்று அன்று யோசித்தேன். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தரையைக் காலி செய்தேன். ஏழுமலையை விட்டு நான்கு பக்கமும் கயிறு கட்டச் சொன்னேன். கதவுகளைச் சாத்தி ஆள் போட்டேன். ஒரு தடவை சுற்றி வந்தேன். ஏழுமலையையும் சுற்றிவரச் சொன்னேன். பெட்டிக்கு மேலே இருப்பதைச் சேவியர் பார்த்தார். எல்லாரும் 'சரி' என்று வாயால் சொன்ன பிறகு மேலே ஏறி, பெல்ட்டை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, பெட்டிக்கு முதுகைக் காட்டினேன்.

கயிறு தோளுக்கு மேலே வந்து என் கையில் இருந்தது. எதிரே தகரச் சுவர். ஆணி ஓட்டைகள். எண்ண ஆரம்பித்தேன். ஃபரூக் எண்ணவில்லை. ஒன்பதாவது ஓட்டைக்கு வந்தபோது,

"தண்ணி வந்துட்ச்சி!"

நான்கு மாடி பிளாக்கை எழுப்புகிற குரல். என் கை திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று தெரியாது. ஒரு கால் ஏணிப் பக்கம் போய்விட்டது. பெல்ட் இழுத்து நிறுத்தியது. பின்னால் 'தொம்' என்று சத்தம்.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தால் பக்கத்து வெல்டிங் கடையில் இருந்து இரண்டு பேர், குடத்தோடு.

"லாரி எங்க?"

"லாரி இல்லண்ணா. காலேஜ் பரீட்ச" என்றான் ஃபரூக்.

"இன்னா பரீட்ச இது, கலீஜா கீது" என்று திட்டிக்கொண்டே போனார்கள்.

படம் பார்த்தோம். நட்டு நூலின் முனையில் சும்மா நின்றது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. குழாயில் குமிழ்கள் வந்தன. கூரைக்குப் போகவில்லை. உருண்டையாக, கோலிக்குண்டு மாதிரி, குழாயின் நட்டநடுவில், ஒன்றன் பின் ஒன்றாக. எதன் மீதும் படாமல்.

நித்யா மூன்று முறை பார்த்தாள். நான் இரண்டு முறை.

"எப்டிணா கீது?"

"ம்" என்றேன்.

சாக்கில் எந்த மூலையும் கிழியவில்லை. நடு வெடித்திருந்தது.

இரண்டாவது விழுகைக்கு வெல்டிங் கடையில் இருந்து ஒருவர் மட்டும் வந்தார். சந்தேகத்தோடு, சின்னக் குடம். மூன்றாவதற்கு யாரும் வரவில்லை. என் கை மட்டும் மூன்று தடவையும் நம்பியது. தண்ணீருக்கு ஓடிய நாற்பது வருஷப் பழக்கம் இருபது வருஷப் பழக்கத்தை ஜெயித்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

மூன்றாவது முறை இறங்கும்போது கீழே சேஃப்டி சார். கயிற்றுக்கு வெளியே நின்று எல்லாம் பார்த்திருக்கிறார்.

"நீங்களா? பாரத்துக்கு முதுகு காட்டிட்டு நின்னது?"

"ஆமாம் சார்."

"எழுதுறேன்."

"எழுதுங்க சார்."

"காரணம்?"

முழுக்கச் சொன்னால் ஆறு மணி ஆகிவிடும்.

"தண்ணி வந்தது சார்."

அவர் என்னைப் பார்த்தார். நித்யாவைப் பார்த்தார். பேனாவை எடுத்து அப்படியே எழுதினார். பழைய ரிஜிஸ்டரில் இன்னும் இருக்கிறது. போய்ப் பாருங்கள். அப்படியே, உங்கள் பெயர் அதில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

ஐந்தே முக்காலுக்குப் படம் போனது. ஷெட்டில் சிக்னல் வராது. நித்யா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரயில்வே கேட் வரை ஓடினாள். நாங்கள் சாக்கு பொறுக்கினோம். மறுநாள் டிரம் வந்தது. தூக்கினோம், இறக்கினோம். அதற்கு நேராகத்தான் நின்றேன்.

இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது. கோபுரத்தில் இருந்து பேசினாள்.

"அண்ணா, வுழுந்துட்ச்சிணா. சூப்பரா போச்சு. கொழாய்ல அந்த ரெண்டு கீறலும் அப்டியே கீது. எதுனு எல்லாரும் கேக்குறாங்க."

"என்ன சொன்னாய்?"

"நீங்க லேட்டா சொன்னதுன்னு சொன்னேன்."

அது நியாயம்.

"அங்கே கயிறு யார் பிடிக்கிறார்கள்?"

"யாருமில்லணா. பட்டன்தான். அமுக்குனா வுட்ருது."

"நல்லது."

"ஆனா அமுக்கும்போது நான் மெதுவா சொல்லிகினேன்."

"என்ன?"

"தண்ணி வந்துட்ச்சின்னு."

வேலை கெட்டால் ஸ்லிங்கைப் பாருங்கள், கொக்கியைப் பாருங்கள், கிரேனைப் பாருங்கள். பிறகு கையுறையைக் கழற்றி உங்கள் உள்ளங்கையையும் பாருங்கள். நீங்கள் பார்க்க மாட்டீர்கள். நானும் பதினொரு தடவை பார்க்கவில்லை.

அடுத்த முறை மேடை ஏறும்போது ஏழுமலை திருத்திக்கொள்ளட்டும். முதல் பதினொன்று கணக்கில் வராது. அவற்றைப் பிடித்துவிட்டேன். பன்னிரண்டாவது ஏழுமலையுடையது. அதை அவனும் பிடித்தான். நூலில் கட்டியது நூலின் கணக்கு.

முப்பத்தொரு வருஷத்தில் நான் கீழே விட்ட பாரம்: மூன்று.